பல்லாவரத்துக் கல்லும் கொல்கத்தாவின் சேறும்



"நம் காலுக்குக் கீழே" என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நம் காலுக்குக் கீழே, பூமியின் நடு மையம் வரை 6,371 கிலோமீட்டர் இருக்கிறது. எனக்குக் கொடுத்திருப்பதோ ஒரு மணி நேரம். எல்லாவற்றையும் சொல்ல முயன்றால் எதுவும் தேறாது. ஆகவே ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கல் எங்கே பிறந்தது, எப்படி உருமாறியது, எப்படி மேலே வந்தது என்று கேட்டுக்கொண்டே போவோம். பூமியின் அடுக்குகளும் கண்டங்களின் ஓட்டமும் பாறைகளின் பிறப்பும் அந்தக் கேள்விகளுக்குள்ளேயே வந்துவிடும்.

அந்தக் கல் இப்போது கொல்கத்தாவில் இருக்கிறது. புனித யோவான் ஆலய வளாகத்தில், ஒரு கல்லறையின் மேல். அடியில் உறங்குபவர் ஜோப் சார்னாக். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். 1690ஆம் ஆண்டு ஹூக்ளி ஆற்றங்கரையில் சுதானுட்டி என்ற ஊரில் இறங்கிக் கம்பெனியின் குடியிருப்பைத் தொடங்கியவர். அவர்தான் கொல்கத்தாவை நிறுவினார் என்று நெடுங்காலம் பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. அப்படியல்ல, அதற்கு முன்பே அங்கே ஊர்கள் இருந்தன என்று 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊரின் நிறுவனர் என்ற பெயர் போயிற்று. ஆனால் ஒரு பாறையின் பெயராக அவர் நிலைத்துவிட்டார். அதை எந்த நீதிமன்றமும் நீக்க முடியாது!

எப்படி நிலைத்தார்? 1893இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கல்லறைக்குள் இருப்பவரைப் பற்றி ஒரு கேள்வியும் அவருக்கு இல்லை. மேலே கிடந்த கருங்கல்தான் அவர் கண்ணைப் பிடித்தது. பார்த்தால் கிரானைட் போலிருக்கிறது. ஆனால் கிரானைட்டில் வழக்கமாக இல்லாத ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் இதில் இருக்கிறது. இந்த வகைப் பாறைக்கு அவர் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். உலகில் எந்தப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தாலும் இந்தப் பெயரைப் படிக்காமல் தேற முடியாது. அண்டார்டிக்காவில் இருக்கிறது சார்னோகைட். நார்வேயில் இருக்கிறது. பிரேசிலில் இருக்கிறது.

ஹாலண்டுக்குக் கல்லைத் தந்த குன்றுகள் எங்கே? நம் பல்லாவரத்தில்! சென்னை விமான நிலையத்துக்கு எதிரே, திரிசூலத்தில், பரங்கிமலையில். கப்பலில் ஏறிக் கொல்கத்தா போன கல் நம் ஊர்க் கல். இங்கே குவாரித் தொழிலாளர்கள் அதைக் கருங்கல் என்பார்கள். ஜல்லி வியாபாரத்தில் அதற்கு 'புளூ மெட்டல்' என்று பெயர். உடைத்த முகத்தில் ஒரு நீலச் சாயல் தெரியும். நம் வீட்டுக் கூரைக் கான்கிரீட்டில், மேம்பாலத்தில், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடப்பதெல்லாம் இந்தக் குடும்பத்துப் பாறைதான். வெட்டி வெட்டி எடுத்த பள்ளங்களில் மழைநீர் தேங்கியது. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரிகளின் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் சென்னைக்குக் கொடுத்தார்கள். கல்லைத் தின்ற ஊர், கடைசியில் அந்தப் பள்ளத்துத் தண்ணீரையும் குடித்தது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு கல்லறைக்குக் கல் வேண்டும் என்றால் வங்காளத்திலேயே வெட்டிக்கொள்ளாமல், கடல் வழியாகச் சென்னையிலிருந்து ஏன் கொண்டுபோக வேண்டும்? விடை எளிது. கொல்கத்தாவில் கல்லே இல்லை. கிணறு தோண்டினாலும் சேறு. அதற்குக் கீழும் சேறு, மணல், களிமண். சென்னையில் பல இடங்களில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினாலே பாறை இடிக்கிறது. ஒரு ஊரில் பாறை தலைநீட்டி நிற்கிறது. இன்னொரு ஊரில் எத்தனை ஆழம் போனாலும் கிடைக்கவில்லை. ஏன்? இந்த வேறுபாட்டுக்கு விடை தேடுவதுதான் இன்றைய பேச்சு.

முதலில் கல்லுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் மூன்று வகைப் பாறை படித்திருப்பீர்கள். உருகிய குழம்பு ஆறினால் தீப்பாறை. மணலும் சேறும் படிந்து இறுகினால் படிவுப்பாறை. இவை இரண்டில் எதுவானாலும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அகப்பட்டு வேறாகிப் போனால் உருமாறிய பாறை. தேர்வுக்கு இது போதும். ஆனால் உருமாறுவது என்றால் என்ன என்று கேட்டால் பலர் "உருகி மாறுவது" என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சை மண்ணை உள்ளே வைக்கிறோம். சிவந்த செங்கல்லாக வெளியே எடுக்கிறோம். நடுவில் அது உருகி ஓடியதா? இல்லை. வைத்த வடிவம் வைத்தபடியே இருக்க, உள்ளேயிருந்த தண்ணீர் போய், பழைய கனிமங்கள் புதிய கனிமங்களாகி, வேறொரு பொருளாகிவிட்டது. பாறையும் பெரும்பாலும் திடமாக இருந்தபடியேதான் உருமாறுகிறது.

பல்லாவரத்துக் கல்லும் அப்படிப்பட்டதே. அதன் கனிமங்களைக் கொண்டு அது பட்ட சூட்டைக் கணக்கிடலாம். 700 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அழுத்தம், நாம் இங்கே உணரும் காற்றழுத்தத்தைப் போல் ஏழாயிரம் மடங்கு அளவில். அந்தச் சூளை எரிந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது பூமியில் மரமில்லை, மீனில்லை, புழுவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும்தான்.

இந்த மாற்றத்தை, நடந்துகொண்டிருக்கும்போதே அப்படியே நிறுத்தி வைத்தாற்போல் ஓரிடத்தில் பார்க்கலாம் என்றால் நம்புவீர்களா? கர்நாடகத்தில் கனகபுரா அருகே கப்பால்துர்கா என்று ஒரு குன்று. அங்கே ஒரு குவாரி. மைசூர் நிலவியலாளர் பிச்சமுத்து 1960இல் 'நேச்சர்' ஆய்விதழில் அதைப் பற்றி எழுதி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார். குவாரியின் சுவர் முழுக்கச் சாம்பல் நிற நைஸ் பாறை, வரிவரியாக. அந்தச் சாம்பல் பாறையின் நடுவே எண்ணெய் சிந்தினாற்போல் கரும்பச்சைத் திட்டுகள், கீற்றுகள். திட்டுக்குள் இருப்பது சார்னோகைட். திட்டுக்கு வெளியே இருப்பது நைஸ். நைஸின் வரி திட்டுக்குள் நுழைந்து மங்கி மறைகிறது. அதாவது நைஸ், சார்னோகைட்டாக மாறத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டது! ஆழத்திலிருந்து கரியமில வாயு பாறையின் வெடிப்புகள் வழியே ஏறிவந்து, கனிமங்களுக்குள் இருந்த நீரை வெளியேற்றியதால் இந்த மாற்றம் நடந்தது என்பது பலர் ஏற்கும் விளக்கம். நீர் இருக்கும் இடத்தில் ஹார்ன்பிளெண்ட், பயோடைட் என்ற கனிமங்கள் இருக்கும். நீர் போய்விட்டால் அந்த இடத்தில் ஹைபர்ஸ்தீன் வந்துவிடும். ஹாலண்ட் கல்லறைக் கல்லில் கண்ட அதே ஹைபர்ஸ்தீன்.

இன்னொன்றும் சொல்கிறேன். பெங்களூரில் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி, தருமபுரி என்று வருகிறீர்கள் அல்லவா? ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையோரப் பாறைகளைக் கவனியுங்கள். வடக்கே நைஸ். தெற்கே வர வரக் கப்பால்துர்காவில் போலத் திட்டுகள். இன்னும் தெற்கே வந்தால் முழுச் சார்னோகைட். பழைய மேலோடு இங்கே சாய்ந்து அரிக்கப்பட்டிருப்பதால், தெற்கே வரும் ஒவ்வொரு மைலுக்கும் நீங்கள் ஒரு பழைய ஆழத்துக்குள் இறங்குகிறீர்கள். டிக்கெட் தருமபுரிக்கு. ஆனால் பயணம் பூமிக்குள்!

சரி, எத்தனை ஆழம்? நாம் தோண்டிப் பார்த்த ஆழம் எவ்வளவு தெரியுமா? ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் ஒரு துளை போடத் தொடங்கினார்கள். இருபது ஆண்டுகள் பாடுபட்டு எட்டிய ஆழம் 12,262 மீட்டர். பன்னிரண்டே கால் கிலோமீட்டர். அங்கே 180 டிகிரி வெப்பம். எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். அதற்கு மேல் போக முடியவில்லை. மனிதன் போட்ட ஆக ஆழமான துளை அவ்வளவுதான். பல்லாவரத்துக் கல்லோ இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தது. கோலாத் துளையைப் போல் இரண்டு மடங்கு ஆழத்திலிருந்து வந்த கல்லின் மேல்தான் பரங்கிமலைக்குப் படிக்கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் அதற்குக் கீழே என்ன? துளை போடாமல் எப்படி அறிவது? இங்கேயும் நம் நாட்டிலிருந்தே ஒரு விடை வந்தது. 1897 ஜூன் 12 அன்று அசாமில் பெரும் நிலநடுக்கம். ஷில்லாங்கில் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. பாறாங்கற்கள் கிடந்த குழியிலிருந்து மேலே எறியப்பட்டன. அதை நேரில் ஆராய்ந்தவர் ரிச்சர்ட் ஓல்டாம். ஹாலண்டின் அதே துறையில் பணியாற்றியவர். தொலைதூர நாடுகளின் கருவிகளில் அந்த அதிர்வு எப்படிப் பதிவானது என்று பார்த்து, மூன்று வகை அலைகளை அவர் பிரித்தறிந்தார். ஓடிவரும் முதல் அலை, பின்னால் வரும் இரண்டாம் அலை, மேற்பரப்பிலேயே தவழும் மூன்றாம் அலை. பிறகு 1906இல், பூமியின் ஆழத்தைக் கடந்துவரும் அலைகள் ஓரிடத்தில் தாமதமாகின்றன, அங்கே வேறொரு பொருள் இருக்கிறது என்று எழுதினார். பூமிக்குக் கருவம் உண்டு என்பதற்கு முதல் தெளிவான சான்று அது.

அதற்குப் பிறகு வேகமாக விடைகள் வந்தன. 1909இல் மொகோரோவிசிச் என்ற ஆய்வாளர், ஜாக்ரெப் அருகே நடந்த நிலநடுக்கத்தை வைத்து மேலோட்டின் அடி எல்லையைக் கண்டார். கண்டங்களுக்கு அடியில் மேலோடு சுமார் 35 முதல் 40 கிலோமீட்டர். கடலுக்கு அடியில் ஏழு கிலோமீட்டர்தான். அதற்குக் கீழே 2,900 கிலோமீட்டர் வரை கவசம். அதற்கும் கீழே இரும்பாலான கருவம். 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன் என்ற அம்மையார், அந்தக் கருவத்துக்குள்ளும் ஓர் உட்கருவம் இருக்கிறது என்று காட்டினார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். நிலநடுக்கத் தகவல்களை ஓட்ஸ் டப்பாவிலிருந்து வெட்டிய அட்டைகளில் எழுதி வைத்துக் கணக்குப் போட்டாராம். 104 வயது வரை வாழ்ந்தார்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை விட்டுவிடக் கேட்டுக்கொள்கிறேன். மேலோட்டுக்குக் கீழே எரிமலைக் குழம்புக் கடல் கொதிக்கிறது, அதன்மேல் நாம் மிதக்கிறோம் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். டிவியிலும் அப்படித்தான் படம் போடுகிறார்கள். இல்லவே இல்லை. இரண்டாம் அலை திரவத்துக்குள் போகாது. அது கவசம் முழுவதையும் கடந்து போகிறது. அப்படியானால் கவசம் என்ன? திடப் பாறை. பூமிக்குள் உண்மையில் திரவமாக இருப்பது வெளிக்கருவம் மட்டும். கவசத்தில் ஆங்காங்கே சிறிதளவு உருகுவதுதான் எரிமலைக்கு வருகிறது. ஆனால் திடமாக இருந்தபடியே கவசம் மெல்ல நகர்கிறது, கங்கோத்ரி பனியாறு திடப் பனிக்கட்டியாக இருந்தபடியே இறங்கி வருவது போல. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். கவசத்துக்குரிய கனிமங்களைப் பார்க்க ஆசையா? சேலத்துக்குப் போங்கள். ஏற்காடு அடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டும் சுரங்கங்கள் இருக்கின்றன. அங்கே மேக்னசைட்டோடு டியூனைட் என்ற பச்சைப் பாறையும் கிடைக்கும். அதில் நிறைந்திருக்கும் ஆலிவின்தான் மேல் கவசத்தின் முதன்மைக் கனிமம்.

இப்போது அடுத்த கேள்விக்கு வருவோம். இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த கல் எப்படி மேலே வந்தது? யார் தூக்கிவிட்டது?

இதற்கான விடையின் நூல் நுனியும் பரங்கிமலையிலேயே கிடக்கிறது. 1802இல் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரத்தைச் சங்கிலி போட்டு அளந்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் பணிக்கு அதுதான் கால்கோள். அளந்துகொண்டே இமயத்தின் அடிவாரம் வரை போனார்கள். லாம்ப்டனுக்குப் பிறகு எவரெஸ்ட் என்ற அதிகாரி அந்தப் பணியை நடத்தினார். அங்கே ஒரு கணக்கு இடித்தது. கல்யாண்பூர், கலியானா என்ற இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை நிலத்தை அளந்து கண்டால் ஒரு விடை. நட்சத்திரத்தைப் பார்த்துக் கண்டால் வேறொரு விடை. சுமார் 160 மீட்டர் வித்தியாசம். அத்தனை கவனமாக அளந்தவர்களுக்கு அது பெரிய தவறு.

கொல்கத்தாவில் ஆர்ச்டீக்கனாக இருந்த ஜான் பிராட் இதற்குக் காரணம் சொன்னார். பாதிரியார், கணிதத்தில் கெட்டிக்காரர். இமயமலையின் பெரும் நிறை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது, அதனால் நட்சத்திரக் கணக்குப் பிசகுகிறது என்றார். சொன்னதோடு நிற்காமல், இமயம் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கணக்கும் போட்டார். விடை விநோதமாக வந்தது. மலை இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது! இவ்வளவு பெரிய மலை ஏன் இவ்வளவு குறைவாக இழுக்கிறது? 1855இல் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஏரி என்பவர் விளக்கினார். மலைக்கு வேர் உண்டு. வெளியே தெரியும் உயரத்தைப் போல் பல மடங்கு ஆழத்துக்கு, கனம் குறைந்த பாறை கீழே இறங்கி நிற்கிறது. அது கனமான கவசப் பாறையின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் மொத்த இழுப்புக் குறைகிறது. இன்று அளந்து பார்த்துவிட்டோம். திபெத்துக்கு அடியில் மேலோடு எழுபது கிலோமீட்டர் கனம்.

வேர் இருக்கிறது என்றால் என்ன ஆகும்? மழையும் ஆறும் மலையின் உச்சியை அரிக்கும். உச்சியின் பாரம் குறையக் குறைய, வேர் மேலே எழும்பும். மறுபடி அரிக்கும். மறுபடி எழும்பும். அரிப்பும் எழுச்சியும், அரிப்பும் எழுச்சியும், கோடிக்கணக்கான ஆண்டுகள். கடைசியில் மலை போய்விடும். வேர் வெயிலுக்கு வந்துவிடும். பல்லாவரத்துக் குன்று ஒரு பழைய மலைத்தொடரின் வேர். அதற்கு மேலே கிடந்த இருபத்தைந்து கிலோமீட்டர்ப் பாறை முழுவதும் மணலாகவும் சேறாகவும் கரைந்துபோன பிறகு மிஞ்சியது. நீலகிரியும் சேர்வராயனும் கொல்லிமலையும் அப்படித்தான். நாம் இவற்றை மலை என்கிறோம். இவற்றின் பாறை வெந்த காலத்தில் இவை மலைக்கு அடிவாரம்கூட அல்ல, அடிவாரத்துக்கும் அடியில் கிடந்தவை.

கரைந்த அந்தப் பாறை எங்கே போயிற்று? கடலுக்குப் போயிற்று. கடலடியில் படிந்தது, இறுகிக் கல்லாயிற்று, அதிலும் ஒரு பகுதி மறுபடி ஆழத்துக்கு இழுக்கப்பட்டு வெந்தது. சேலத்துக் கஞ்சமலையில் இரும்புக் கனிமம் அடுக்கடுக்காக இருக்கிறதே, அது ஒருகாலத்தில் பழங்கடலின் அடியில் இரும்பும் சிலிக்காவும் மாறி மாறிப் படிந்த படிவு. பின்னர் வெந்து, மடிந்து, இன்று மலையாக நிற்கிறது. கடலடி, மலையுச்சி, மலையுச்சி, கடலடி. பாறைக்கு ஓய்வே இல்லை.

இத்தனையும் சென்னையின் கதை. கொல்கத்தாவின் சேற்றுக்கு வருவோமா?

அந்தச் சேறு எங்கிருந்து வந்தது? கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்தது. எங்கிருந்து கொண்டுவந்தன? இமயத்திலிருந்து. இமயம் எப்படி வந்தது? எவரெஸ்ட்டின் உச்சியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. கடல்வாழ் உயிரிகளின் ஓட்டுத் துணுக்குகள் கொண்ட சுண்ணாம்புக்கல், 45 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. கடலடியை 8,849 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி வைத்தது யார்? நாம்தான்! நாம் நிற்கும் இந்த நிலம் வடக்கே போய் மோதியதால் வந்த வினை.

கண்டம் நகரும் என்று 1912இல் ஜெர்மனியின் ஆல்பிரெட் வெகனர் சொன்னபோது நிலவியலாளர்கள் கேலி செய்தார்கள். அவர் வானிலை ஆராய்ச்சியாளர். உமக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். அதே 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் பனியில் இறந்துபோன ஸ்காட் குழுவினரின் உடல்களைக் கண்டெடுத்தார்கள். பட்டினியால் கால் நகராத நிலையிலும் அவர்கள் எறிந்துவிடாமல் வைத்திருந்தது என்ன தெரியுமா? 16 கிலோ கற்கள். அந்தக் கற்களில் குளோசாப்டெரிஸ் என்ற செடியின் இலைப் பதிவுகள் இருந்தன. நம் ராணிகஞ்ச் நிலக்கரியும் அந்தச் செடியின் காடுகளிலிருந்து வந்ததுதான். அண்டார்டிக்காவில் ஒரு காடு, வங்காளத்தில் அதே காடு. நடுவே கடலே இல்லாமல் இருந்தாலொழிய எப்படி?

சான்று இருந்தது, கண்டத்தை நகர்த்தும் விசை எது என்று வெகனரால் சொல்ல முடியவில்லை. 1930இல் கிரீன்லாந்தில் பனியிலேயே அவர் இறந்தார். விடை கடலடியில் கிடந்தது. 1950களின் தொடக்கத்தில் மேரி தார்ப் என்ற அமெரிக்க அம்மையார், கப்பல்கள் அளந்த ஆழங்களை வரைபடமாக்கினார். அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் முதுகில் நீளமாக ஒரு பிளவு இருப்பதைக் கண்டார். உடன் வேலை செய்த ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று முதலில் ஒதுக்கினார். பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பிளவில்தான் புதிய கடலடி பிறந்து இரு பக்கமும் விலகுகிறது என்று ஹாரி ஹெஸ் 1962இல் எழுதினார். அதற்குச் சான்று தேடியவர்களுக்கு நம் இந்தியப் பெருங்கடலே கைகொடுத்தது. அங்கே கார்ல்ஸ்பெர்க் முகட்டில் எடுத்த காந்த அளவீடுகளை வைத்து வைன், மேத்யூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1963இல் எழுதினார்கள். கடலடிப் பாறையில் காந்தத் திசை ஒரு பட்டை வடக்கு, ஒரு பட்டை தெற்கு என்று மாறி மாறி இருக்கிறது. பிறந்த நேரத்துப் பூமிக் காந்தத்தை ஒவ்வொரு பட்டையும் பதிவு செய்துகொண்டே விலகியிருக்கிறது.

புதிய தரை பிறந்துகொண்டே இருந்தால் பூமி ஊதிப்போகாதா? போகாது. பிறக்கும் அளவுக்கு அழிகிறது. பூமியின் மேற்புறம் தட்டுகள் எனப்படும் பெரும் பாறைப் பலகைகளால் ஆனது. அவற்றில் குளிர்ந்து கனத்த கடலடித் தட்டு, அகழிகளில் கவசத்துக்குள் அமிழ்கிறது. அமிழும் நுனி மீதித் தட்டையும் பின்னால் இழுக்கிறது. தட்டுகள் ஓடுவதற்கு முதன்மையான விசை அந்த இழுப்பே. ஆகவேதான் கடலடியில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட தரை அநேகமாக இல்லை. கண்டங்களிலோ 400 கோடி ஆண்டுப் பாறையும் உண்டு. கடல் பழையது, கடலின் தரை புதியது.

இந்தியாவின் பயணத்தைச் சொல்கிறேன். கோண்டுவானா என்ற பெருநிலத்தில் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு ஒட்டியிருந்தோம். இலங்கையும் கூட இருந்தது. அந்தப் பெருநிலம் ஒன்றுகூடியபோது, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலங்கள் மோதிய சூட்டில் வெந்த பாறைகளிலிருந்துதான் இரத்தினபுரியின் நீலக்கற்கள் வந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிக்காவைவிட்டுப் பிரிந்தோம். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்தது. அந்தக் காலத்தில் அரியலூரும் பெரம்பலூரும் ஆழமில்லாத கடலுக்கு அடியில். இன்று சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் சொத்து. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கனமாகக் கொட்டியது. அப்போது நாம் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தோம். தட்டுகளில் அது அசுர வேகம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதினோம். நடுவே இருந்த டெதிஸ் கடல் ஆழத்துக்குள் போயிற்று. அதன் அடிப்படிவுகளில் ஒரு பகுதி எவரெஸ்ட்டுக்குப் போயிற்று.

மோதிய பின் நின்றோமா? இல்லை. இப்போதும் ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறோம். நான் பேசும் இந்த ஒரு மணி நேரத்தில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு. யாருக்கும் தலை சுற்றவில்லையே? நல்லது!

மோதலில் எழும் மலையை ஆறுகள் அரித்துக்கொண்டே இருக்கின்றன. கொல்கத்தாவின் கீழ் கிடப்பது அந்த அரிப்பில் ஒரு துளி. மீதி கடலுக்குள் இறங்கி, வங்காள விரிகுடா முழுவதும் பரவி, இலங்கைக்கும் தெற்கே வரை மூவாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறியாகப் படிந்திருக்கிறது. வடக்கில் அதன் கனம் 16 கிலோமீட்டருக்கு மேல். உலகின் ஆகப் பெரிய கடலடி வண்டல் விசிறி அதுதான். 2015இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுக் கப்பல் இலங்கைக்குக் கிழக்கே அதைத் துளைத்து எடுத்தபோது வந்தது இமயத்தின் தூள். ஒருநாள் அந்தத் தூளும் இறுகும், அமிழும், வேகும். 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்த வேர் ஒன்றை, நேற்று வந்த மலைத்தூளின் மேல் வைத்து, அதற்கு அடியில் சார்னாக்கைக் கிடத்தியிருக்கிறார்கள்.

தட்டுகளின் ஓட்டம் ஏதோ கோடி ஆண்டுக் கதை, நமக்கென்ன என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2004 டிசம்பர் 26, காலை ஆறரை மணிக்கு ஒரு நிமிடம் முன். சுமத்ராவுக்கு அருகில், இந்தியத் தட்டு அமிழும் எல்லையில், பல நூற்றாண்டுகளாகப் பூட்டிக்கிடந்த இடம் பிய்த்துக்கொண்டது. அளவு 9.1. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு முறிவு ஓடியது. சில இடங்களில் தரை பத்து மீட்டருக்கும் மேல் நகர்ந்தது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் சேர்த்து வைத்த கடனை ஒரே காலையில் வசூலித்தது. இரண்டு மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த அரங்கிலும் அன்று யாரையாவது இழந்தவர்கள் இருக்கலாம். நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் நம்மிடம் அன்று போதிய அளவில் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இலிருந்து இயங்குகிறது. கருவி வந்துவிட்டது. மக்களுக்குத் தட்டு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கும் வேலை மட்டும் பாக்கி.

கடைசியாக ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். பரங்கிமலைச் சார்னோகைட்டை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்களும், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்ட பதினெட்டு மீட்டர் நீளக் கல்மரமும் அதே பட்டியலில் உண்டு. இவற்றைப் போன்ற இடங்களைக் காக்க 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. வரைவு மட்டும் கல்லைக் காக்காது. அரியலூருக்கும் காரை கிராமத்துக்கும் போகிறவர்கள் புதைபடிவத்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஆசிரியர்கள் இருந்தால் உங்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். பாறைப் பாடத்தை இந்த ஆண்டு வகுப்பறைக்குள் நடத்தாதீர்கள். உங்கள் ஊரில் ஒரு குவாரியோ ஆற்றுப் படுகையோ வெட்டிய கிணறோ கட்டாயம் இருக்கும். பாதுகாப்பான இடமாகப் பார்த்து, உரியவரிடம் அனுமதி கேட்டு, மாணவர்களை அங்கே கூட்டிப் போய் நடத்துங்கள்.